உழவு இயந்திரத்திற்கு மேலதிக விளக்குப் பொருத்துதல்

நல்லூர்ச் செம்மண் தோட்டங்களில் இருள் விலகுமுன் உழ விரும்பும் கமக்காரர், உழவு இயந்திரத்தில் மேலதிக விளக்குகளைப் பொருத்துங்கால் மின்னிணைப்பில் கவனஞ் செலுத்துதல் வேண்டும். 12 வோல்ற்றில் இயங்கும் 55 உவாற்று விளக்குகள் இரண்டு ஏறத்தாழ 9 அம்பியர் மின்னோட்டத்தைப் பெறும். அவற்றைப் பழைய விளக்கின் கம்பியில் இணைத்தால் அக்கம்பி சூடேறிக் கருகக்கூடும். ஆகவே, பற்றரியின் நேர்முனையிலிருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியைத் தனியே இழுத்து, ரிலே ஊடாக இணைத்தல் நன்று.

15 அம்பியர் உருகியைப் பற்றரிக்கு மிக அருகில் அமைத்தல் இன்றியமையாதது. உருகி காப்பது கம்பியையேயன்றி விளக்கையன்று. கம்பியின் உறை தேய்ந்து இரும்பைத் தொட்டால், உருகி அறுந்து தீயைத் தடுக்கும்; பற்றரிக்கும் உருகிக்கும் இடைப்பட்ட கம்பிக்கோ காவலில்லை.

வேலை தொடங்குமுன் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றுக. கம்பி நுழையும் துளைகளில் இறப்பர் வளையம் இடுக. வீதியில் ஏறுமுன் இவ்விளக்குகளை அணைத்துவிடுக; எதிரே வருவோரின் கண் கூசாது.