துணையால் வளரும் நலம்

நுழையும்முன்

வேளைக்கு உண்பதும் நாள்தோறும் நடப்பதும் மருந்தைத் தவறாது உட்கொள்வதும் ஒருவரின் மனவுறுதியைப் பொறுத்தவை என்றே நாம் எண்ணுகிறோம். முதியோர் வாழ்வைக் கூர்ந்து நோக்கினால், அப்பழக்கங்களின் பின்னே பிறருடைய துணையும் நிற்பதைக் காணலாம். அத்துணையின் இயல்பை விளக்குகிறது இப்பாடம்.

தனிமையும் அன்றாடமும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயது நிரம்பியவர்கள். பிள்ளைகள் கல்விக்கும் வேலைக்கும் வேற்றூர் செல்வதால், முதியோர் தனித்தோ இணையராகவோ வாழும் வீடுகள் பெருகியுள்ளன.

தனித்து வாழும் மூதாட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். பலருக்குச் சமைத்துப் பழகிய கை, ஒருவருக்காக உலை வைக்கத் தயங்குகிறது. காலையில் வடித்த சோறே இரவுக்கும் ஆகிறது, காய்கறி குறைகிறது, ஊறுகாய் கூடுகிறது. முதுமையில் தாகவுணர்வு குறைவதால், நினைவூட்ட ஆளில்லாதபோது நீர் அருந்துவதும் குறைகிறது. உயர் குருதியழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டாத நோய். ஆதலால், 'உடல் நன்றாகத்தானே இருக்கிறது' என்று மாத்திரையும் நிறுத்தப்படுகிறது. இவற்றுள் எதுவும் ஒரே நாளில் நிகழ்வதன்று. சிறிய விடுபடல்கள் சேர்ந்து பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும்போதுதான் சுற்றத்தார் திடுக்கிடுகின்றனர்.

ஆய்வு காட்டும் உண்மை

உறவுக்கும் உடல்நலத்திற்கும் உள்ள தொடர்பை ஆய்வுகளும் உறுதிசெய்துள்ளன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள அலமேடா மாவட்டத்தில் 1965இல் 6,928 பேரிடம் தகவல் திரட்டப்பட்டது. அவர்களை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய தரவுகளைக் கொண்டு லிசா பெர்க்மன், லியோனார்டு சைம் ஆகியோர் 1979இல் ஆய்வு முடிவை வெளியிட்டனர். திருமண உறவு, உறவினர், நண்பர், குழுக்கள் ஆகிய பிணைப்புகள் குறைந்தவர்களிடையே இறப்பு விகிதம் மிகுந்திருந்தது. புகைபிடித்தல், மது அருந்துதல், உடலுழைப்பு போன்ற பழக்கங்களைக் கணக்கில் கொண்ட பின்னரும் அவ்வேறுபாடு நீடித்தது. எனவே, உறவு பழக்கத்தின் வழியாகவும் அதைக் கடந்தும் நலத்தைக் காக்கிறது எனலாம்.

நால்வகைத் துணை

சமூகவியல் அறிஞர் ஜேம்ஸ் ஹவுஸ், துணையை நான்காக வகுத்தார். அன்பும் அக்கறையும் காட்டுவது உணர்வுத் துணை. மருந்து வாங்கித் தருவதும் மருத்துவமனைக்கு உடன் செல்வதும் செயல் துணை. எந்த மாத்திரையை உணவுக்கு முன் உண்பது எனத் தெளிவுபடுத்துவது தகவல் துணை. 'முன்னைவிட இப்போது நன்றாக நடக்கிறீர்கள்' என அவர் நிலையை அவருக்கே உணர்த்துவது மதிப்பீட்டுத் துணை.

இந்நான்கும் ஒருவரிடமிருந்தே வரவேண்டும் என்பதில்லை. தொலைவிலுள்ள மகன் நாள்தோறும் பேசலாம், அடுத்த வீட்டார் மருந்து வாங்கி வரலாம், செவிலியர் விளக்கம் தரலாம், நடைத்தோழர் ஊக்கமூட்டலாம். வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். விழுந்துவிடுவோமோ என்று அஞ்சும் முதியவருக்கு அவ்வறிவுரையைவிட, வாசலில் வந்து அழைக்கும் தோழரின் குரலே பெரிதும் உதவும்.

அளவறிந்த உதவி

துணை என்ற பெயரில் செய்யப்படுவன எல்லாம் நலம் பயப்பதில்லை. 'நீங்கள் எழுந்திருக்க வேண்டா' என்று எல்லா வேலைகளையும் பிறரே செய்தால், தசைகள் வலுவிழக்கும். தம்மால் எதுவும் இயலாது என்ற எண்ணமும் வேரூன்றும். ஓயாமல் கண்டித்தால், இனிப்பு உண்டதையும் மாத்திரையை மறந்ததையும் முதியவர் மறைக்கத் தொடங்குவார். புகையிலை மெல்லும் கூட்டாளிகளிடையே அப்பழக்கத்தைக் கைவிடுவதும் அரிது. இயன்றதை அவரே செய்ய விட்டு, இயலாததற்குக் கைகொடுப்பதே முறையான துணை. கீரை ஆய்வதும் செடிக்கு நீர் விடுவதும் அவருக்கு உடலியக்கம். தாம் வேண்டப்படுகிறோம் என்ற நிறைவும் கூட.

இல்லம் தேடி வரும் துணை

குடும்பத்தால் மட்டும் இப்பணியைச் சுமக்க இயலாது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. நீரிழிவு, உயர் குருதியழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகள் இல்லத்திலேயே வழங்கப்படுகின்றன. இயன்முறை மருத்துவமும் கிடைக்கிறது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் இல்லங்களுக்குச் செல்கின்றனர். பேருந்தேறி மருத்துவமனைக்குச் சென்று வரிசையில் நிற்க இயலாமல் மருந்தை நிறுத்தியவருக்கு, இவ்வருகை செயல் துணையாகவும் தகவல் துணையாகவும் அமைகிறது.

எனினும், மாதத்தின் மற்ற நாள்களில் அம்மாத்திரை உரிய வேளையில் உண்ணப்படுகிறதா என்று கேட்க, அருகில் ஒருவர் வேண்டும். அவ்வொருவராக மாணவரும் இருக்கலாம். மருந்துறையில் எழுதியுள்ளதைப் படித்துச் சொல்லவும், மாலையில் தெருமுனைவரை உடன் நடக்கவும், ஒருவேளையேனும் உடன் அமர்ந்து உண்ணவும் பெரும்பொருள் தேவையில்லை. முதியோர் உடல்நலம் அவருடைய மருந்துப்பெட்டியில் மட்டுமன்று, அவரைச் சூழ்ந்திருப்போர் நடத்தையிலும் அடங்கியுள்ளது.

தெரிந்து தெளிவோம்

- ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தபடி, அக்டோபர் 1 உலக முதியோர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.
- பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது.
- மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் உரையாடி, அவர் பெறும் துணைகளை நால்வகையாகப் பிரித்து எழுதுக.
2. 'மிகையான உதவியும் முதியோருக்குத் தடையே' – வகுப்பில் கலந்துரையாடுக.