ஜிம்ப்பில் லேயர் மாஸ்க்: பனியில் புள்ளியை நீக்கி முகத்தைக் கூர்மையாக்குவோம்

மாலை நேரத்திலோ, வெளிச்சம் குறைந்த கோவில் மண்டபத்திலோ எடுத்த போட்டோவைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். படம் முழுக்க ரவையைத் தூவியது போலப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியும். நடுநடுவே சிவப்பும் பச்சையுமாகத் திட்டுகள் இருக்கும். இதற்கு நாய்ஸ் என்று பெயர். ரேடியோவில் ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காத போது பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் வருமே, அது போலப் படத்தோடு சேர்ந்து வருவதால் இந்தப் பெயர்.

பிலிம் இருந்த இடத்தில் டிஜிட்டல் கேமராவில் சென்சார் என்ற சில்லு இருக்கிறது. அதில் விழும் ஒளி குறைந்தால் கிடைக்கும் சிக்னலும் பலவீனமாக இருக்கும். அதைக் கேமரா பெருக்கும் போது புள்ளிகளும் சேர்ந்து பெருகிவிடும். கேமராவில் ஐ.எஸ்.ஓ. 100, 400, 800 என்ற எண்களைப் பார்த்திருப்பீர்கள். எண் கூடினால் புள்ளியும் கூடும். சென்சார் சிறியதாக இருந்தால் இன்னும் மோசம். 2000க்குப் பின் வந்த பாக்கெட் கேமராக்களில் ஐ.எஸ்.ஓ. 400 வைத்தாலே வானம் சொரசொரப்பாகிவிடும்.

இந்தப் புள்ளிகளை நீக்க எல்லாப் போட்டோ சாப்ட்வேர்களிலும் வசதி உண்டு. மங்கலான படத்தைக் கூர்மையாக்கும் வசதியும் உண்டு. சிக்கல் என்னவென்றால், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. புள்ளி நீக்கும் பில்டர் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களைச் சமப்படுத்துகிறது. கூர்மையாக்கும் பில்டர் அவற்றின் வித்தியாசத்தை அதிகப்படுத்துகிறது. முழுப் படத்துக்கும் முதலாவதைப் போட்டால் முகம் மெழுகு பொம்மை போலாகிவிடும். முழுப் படத்துக்கும் இரண்டாவதைப் போட்டால் புள்ளிகள் மிளகு அளவுக்கு எழுந்து நிற்கும். எந்த இடத்தில் எதைச் செய்வது என்று நாம்தான் பிரித்துக் காட்ட வேண்டும். அதற்கு உதவுவது மாஸ்க்.

இதை ஓர் உண்மையான படத்தை வைத்துப் பார்ப்போம். திருநெல்வேலியில் எனக்குத் தெரிந்த ஒருவர் பழைய சி.டி. ஒன்றைக் கொடுத்தார். அதில் மாஞ்சோலையில் எடுத்த குடும்பப் படங்கள் இருந்தன. தாமிரபரணியில் சேரும் மணிமுத்தாறுக்கு மேலே மலையில் இருக்கும் தேயிலைத் தோட்டம் அது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929ல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த நிலம். குத்தகை முடிவது 2028ல். ஆனால் 2024லேயே தோட்ட வேலை முடிவுக்கு வந்து, தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த பல குடும்பங்கள் கீழே இறங்கிவிட்டன. அந்த லைன் வீட்டு வாசலில் அதே ஆட்களை நிறுத்தி இன்னொரு படம் எடுக்க முடியாது. "அண்ணாச்சி, மத்ததெல்லாம் எப்படி இருந்தாலும் சரி, ஆச்சி முகம் தெளிவா வந்தாப் போதும்" என்றார். 8க்கு 10 அங்குல பிரிண்ட் போட வேண்டுமாம்.

படம் 5 மெகாபிக்சல், அதாவது 2592க்கு 1944 பிக்சல். 10 அங்குலத்துக்கு 2592 பிக்சல் என்றால் அங்குலத்துக்கு 259 வருகிறது. பிரிண்ட்டுக்குத் தாராளமாகப் போதும். மேல் பாதி முழுக்கப் பனிமூட்டம். நடுவில் இருண்ட மலைச்சரிவு. கீழே தேயிலைச் செடிகளுக்கு முன்னால் ஆறு பேர். பனியில்தான் புள்ளிகள் அப்பட்டமாகத் தெரிந்தன. இலையிலும் அதே அளவு புள்ளி இருக்கும், ஆனால் இலை நரம்புகளுக்கு நடுவே நம் கண் அதைக் கவனிப்பதில்லை. எனவே பனியை வழவழப்பாக்க வேண்டும், இலையையும் முகத்தையும் கூர்மையாக்க வேண்டும், மலைச்சரிவைத் தொடவே கூடாது.

முதலில் புள்ளி நீக்கம்

நான் பயன்படுத்துவது ஜிம்ப். 1996 முதல் இலவசமாகக் கிடைக்கும் சாப்ட்வேர். இங்கே சொல்பவை 2.10 பதிப்புக்கும், 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்புக்கும் பொருந்தும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும்.

சி.டி.யில் உள்ள பைலை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, அந்தக் காப்பியைத் திறந்து கொள்ளுங்கள். கீபோர்டில் 1 என்ற எண்ணைத் தட்டினால் படம் 100 சதவீத அளவில் தெரியும். புள்ளிகளை எப்போதும் இந்த அளவில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். சிறிதாக்கிப் பார்த்தால் எல்லாப் படமும் அழகாகத்தான் இருக்கும்!

இனி லேயர் மெனுவில் டூப்ளிகேட் லேயர் என்பதைக் கிளிக் செய்யுங்கள். வலது பக்க லேயர் பட்டியலில் அசல் படத்தின் மேல் இன்னொரு நகல் வந்து உட்காரும். அதன் பெயரை டபுள் கிளிக் செய்து "பனி" என்று மாற்றிக் கொள்ளுங்கள். தமிழிலேயே டைப் செய்யலாம்.

இந்த லேயர் தேர்வாகி இருக்கும் போது பில்டர்ஸ் மெனுவில் என்ஹான்ஸ், அதில் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று செல்லுங்கள். சிறிய டயலாக் பாக்ஸ் தோன்றும். ஸ்ட்ரெங்த் என்ற ஒரே ஒரு அளவு இருக்கும்; அது 4ல் நிற்கும். பனி இருக்கும் இடத்தை மட்டும் பார்த்துக் கொண்டே அதை மெல்லக் கூட்டுங்கள். என் படத்துக்கு 7 சரியாக இருந்தது. இந்த நேரத்தில் முகங்கள் மங்கி விகாரமாகத் தெரியும். கவலைப்படாதீர்கள், ஓகே கொடுங்கள்.

இப்போது லேயர் மெனுவில் மாஸ்க், அதில் ஆட் லேயர் மாஸ்க் என்பதைக் கிளிக் செய்யுங்கள். எப்படிப்பட்ட மாஸ்க் வேண்டும் என்று கேட்கும். பிளாக், அதாவது கறுப்பு என்று இருப்பதைத் தேர்வு செய்து ஆட் பட்டனை அழுத்துங்கள். படம் பழையபடி புள்ளிகளோடு தெரியும். செய்த வேலை எங்கும் போகவில்லை. கறுப்புத் திரைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒர்க் ஷாப்பில் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் முன் கண்ணாடி மேல் பேப்பரை ஒட்டுவார்கள். பேப்பர் உள்ள இடத்தில் பெயின்ட் படாது. மாஸ்க்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. மாஸ்க்கில் கறுப்பு உள்ள இடத்தில் இந்த லேயர் தெரியாது, வெள்ளை உள்ள இடத்தில் முழுதாகத் தெரியும். பேப்பரிடம் இல்லாத ஒரு வசதியும் இதில் உண்டு: சாம்பல் நிறம் பூசினால் பாதி தெரியும்.

கீபோர்டில் பி தட்டினால் பெயின்ட் பிரஷ் வரும். டி தட்டினால் நிறங்கள் கறுப்பு வெள்ளையாகும். எக்ஸ் தட்டினால் இரண்டும் இடம் மாறும். வெள்ளை மேலே வந்ததும், ஓரம் மென்மையாக உள்ள பிரஷ் ஒன்றை எடுத்து, சைஸ் 300, ஓபாசிட்டி 50 என்று வைத்துப் பனியின் மேல் தேய்த்துச் செல்லுங்கள். புள்ளிகள் கரைவது கண்ணெதிரே தெரியும். தலைமுடிக்கும் மலை விளிம்புக்கும் அருகில் வரும் போது சைஸை 40க்குக் குறையுங்கள். கை தவறி முகத்தின் மேல் பட்டுவிட்டால் எக்ஸ் தட்டிக் கறுப்பால் தேய்த்தால் போதும், பழைய முகம் திரும்பிவிடும்.

புதிதாகச் செய்பவர்கள் பலருக்கு இந்த இடத்தில் படத்தின் மேலேயே வெள்ளை வெள்ளையாகப் பெயின்ட் விழும். மாஸ்க்கைத் தேர்வு செய்யாமல் படத்தைத் தேர்வு செய்திருப்பதுதான் காரணம். கண்ட்ரோல் இசட் அழுத்தி நீக்கிவிட்டு, லேயர் பட்டியலில் படத்துக்குப் பக்கத்தில் உள்ள கறுப்புச் சதுரத்தை ஒருமுறை கிளிக் செய்து விட்டுத் தொடருங்கள். அந்தச் சதுரத்தை ஆல்ட் கீயோடு கிளிக் செய்தால் மாஸ்க் மட்டும் திரையில் தெரியும். பூசாமல் விட்ட சந்து பொந்துகளைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. மீண்டும் ஒருமுறை அப்படியே கிளிக் செய்தால் படம் வந்துவிடும்.

பனியை ஒரேயடியாக வழித்துவிடாதீர்கள். மிகவும் வழவழப்பானால் பிரிண்ட்டில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். லேயர் பட்டியலின் மேலே உள்ள ஓபாசிட்டியை 75க்கு இறக்கினால் கொஞ்சம் சொரசொரப்பு திரும்பி வரும், பனியும் பனி போல இருக்கும்.

அடுத்து கூர்மை

வரிசை முக்கியம். புள்ளி நீக்கிய பிறகுதான் கூர்மை. மாற்றிச் செய்தால் புள்ளிகளைக் கூர்மையாக்கிவிட்டுப் பிறகு அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். படத்தின் அளவை மாற்றுவதாக இருந்தாலும் கூர்மைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

லேயர் மெனுவில் நியூ பிரம் விசிபிள் என்று ஒன்று இருக்கிறது. இதுவரை திரையில் தெரிவதை அப்படியே ஒரு புது லேயராக ஆக்கித் தரும். அதற்குக் "கூர்மை" என்று பெயர் வையுங்கள். பில்டர்ஸ் மெனுவில் என்ஹான்ஸ் சென்று ஷார்ப்பன் என்பதைத் திறந்தால், பக்கத்திலேயே அன்ஷார்ப் மாஸ்க் என்றும் எழுதியிருக்கும். கூர்மையாக்கும் பில்டருக்கு ஏன் கூர்மையில்லாத மாஸ்க் என்று பெயர்? இது டார்க் ரூம் காலத்துப் பெயர். 1930களிலேயே இந்த முறை வந்துவிட்டது. நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலாக ஒரு பாசிட்டிவ் எடுத்து, இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பிரிண்ட் போடுவார்கள். விளிம்புகள் எடுப்பாகத் தெரியும். கம்ப்யூட்டரும் அதைத்தான் கணக்காகச் செய்கிறது: படத்தையும் அதன் மங்கலான நகலையும் ஒப்பிட்டு, வித்தியாசம் உள்ள இடத்தை உயர்த்திக் காட்டுகிறது.

ரேடியஸ் 1, அமவுண்ட் 0.8 வைத்துப் பாருங்கள். ரேடியஸை 3க்கு மேல் ஏற்றினால் இருண்ட மலைக்கும் வெளுத்த பனிக்கும் நடுவே வெள்ளைக் கோடு ஓடும். கேமராவில் குறைந்த தரத்தில் பதிவான ஜேபெக் படம் என்றால், 8க்கு 8 பிக்சல் கட்டங்கள் கூட வெளியே தெரிய ஆரம்பிக்கும். அப்படித் தெரிந்தால் உடனே குறைத்துவிடுங்கள். ஓகே கொடுத்த பின் லேயர் பட்டியலின் மேலே நார்மல் என்று உள்ள மோடை லுமினன்ஸ் என்று மாற்றுங்கள். வெளிச்ச வித்தியாசம் மட்டும் கூடும், நிறத் திட்டுகள் எழாது.

முன்பு போலவே இதற்கும் கறுப்பு மாஸ்க் போட்டு, சிறிய பிரஷ்ஷால் தேவையான இடத்தில் மட்டும் வெள்ளை பூசுங்கள். ஆச்சியின் கண்கள், புருவம், மூக்குத்தி, சேலைக் கரை, முன்வரிசைத் தேயிலை இலைகள். கன்னத்தில் பூசக் கூடாது. தோலில் உள்ள புள்ளிகள் கிளம்பி, ஆச்சிக்கு இல்லாத அம்மைத் தழும்பு வந்துவிடும். ஆனால் நெற்றிச் சுருக்கத்துக்கு ஓபாசிட்டி 30ல் ஒரு தடவு கொடுத்தேன். அந்தச் சுருக்கம் இல்லாவிட்டால் அது அவர் முகமே இல்லை என்பது என் கருத்து.

இதையெல்லாம் போனில் உள்ள ஆப் ஒரு நொடியில் செய்துவிடுமே என்று கேட்பீர்கள். செய்யும். ஆனால் பின்வரிசையில் நிற்கும் பையனின் முகம் இந்தப் படத்தில் மொத்தமே 40 பிக்சல் அகலம்தான். அதில் கண்ணிமை எல்லாம் பதிவாகவே இல்லை. செயற்கை அறிவு கொண்ட சில ஆப்கள் அந்த இடத்தில் தாமாகவே ஒரு கண்ணை வரைந்து வைக்கின்றன. பளிச்சென்று இருக்கும், ஆனால் அது வேறு யாருடைய கண்ணோ. நாம் மேலே செய்ததில் அந்த ஆபத்து இல்லை. இருப்பதை அடக்குகிறோம், இருப்பதை உயர்த்துகிறோம், புதிதாக எதையும் சேர்ப்பதில்லை.

கல்லில் இருப்பது புள்ளியா, கல்லா?

கோவில் படங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோவில் இருக்கிறது. நாயக்கர் காலத்துச் சிலைகளுக்குப் பேர்போனது. கர்ணன், அர்ஜுனன், ரதி என்று ஆளுயரச் சிலைகள் தூணோடு தூணாக நிற்கும். மண்டபத்தில் வெளிச்சம் குறைவு என்பதால் பழைய கேமராவில் எடுத்த படங்களில் புள்ளிகள் நிறைய இருக்கும். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோவில்களுக்குள் மொபைல் போனுக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. ஆகவே உங்களிடம் பழைய கோவில் படம் இருந்தால், நன்றாக இல்லை என்று அழித்துவிடாதீர்கள்.

இங்கே என்ன தொல்லை என்றால், கருங்கல்லே பொடிப்பொடியான மணிகளால் ஆனது. நாய்ஸ் ரிடக்‌ஷன் பில்டருக்குக் கல்லின் மணியும் தெரியாது, கேமராவின் புள்ளியும் தெரியாது. இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். சிலை சோப்பில் செதுக்கியது போலாகிவிடும். ஒரே சிலையை அடுத்தடுத்து இரண்டு படம் எடுத்திருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டிலும் அதே இடத்தில் இருப்பது கல்லின் மணி. ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாதது நாய்ஸ். ஒரே படம்தான் இருக்கிறது என்றால் நிறத்தைப் பாருங்கள். சிவப்பும் பச்சையுமாகச் சிதறியிருந்தால் அது பெரும்பாலும் கேமராவின் வேலைதான்.

நிறத் திட்டுகளை மட்டும் போக்க எளிய வழி உண்டு. நகல் லேயர் எடுத்து, பில்டர்ஸ் மெனுவில் பிளர் சென்று, காஸியன் பிளரை 6 பிக்சல் அளவில் கொடுங்கள். பிறகு அந்த லேயரின் மோடை எல்.சி.எச். கலர் என்று மாற்றுங்கள். நிறம் மட்டும் கலந்து சமமாகும், உளிக்கோடு அப்படியே நிற்கும். அதன் பின் சாதாரண நாய்ஸ் ரிடக்‌ஷனைத் தனி லேயரில் செய்து, மாஸ்க்கில் தூணுக்குப் பின்னால் உள்ள இருட்டுக்கு மட்டும் வெள்ளை பூசுங்கள். கல்லுக்குச் சாம்பல் கூட வேண்டாம். கூர்மை லேயரில் தாடி, நகை, விரல் போன்ற உளி ஆழமாக இறங்கிய இடங்களுக்கு மட்டும் வெள்ளை.

வேலை முடிந்ததும் சேவ் கொடுத்தால் ஜிம்ப் தன் எக்ஸ்.சி.எப். பைலாகத்தான் சேமிக்கும். லேயர், மாஸ்க் எல்லாம் அதில் இருக்கும் என்பதால் அதைப் பத்திரமாக வைத்துக் கொள்ளுங்கள். ஸ்டூடியோவுக்குக் கொடுக்க பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் சென்று, பெயரின் முடிவில் புள்ளி ஜேபெக் சேர்த்து, குவாலிட்டி 95 வைத்துத் தனி பைல் எடுங்கள். பிரிண்ட் போடும் லேபில் ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில இடங்களில் மெஷினே இன்னொரு முறை கூர்மையாக்கிவிடும்.