புத்தாண்டும் தளர்ந்த உள்ளமும்

ஆண்டுப் பிறப்பை மகிழ்வோடு எதிர்கொள்ளுதல் மக்களுக்கு இயல்பு. ஆயினும் அந்நாளில் எல்லா உள்ளங்களும் ஒருபடித்தாக மலர்வதில்லை. சென்ற ஆண்டில் முடியாது நின்ற வேலைகளும், எதிர்பாராத தோல்விகளும், உடற்சோர்வும் சிலரை அழுத்திக்கொண்டேயிருக்கும். சுற்றியுள்ளோர் புதிய தீர்மானங்களைப் பெருமிதத்தோடு பேசும்பொழுது, இவர்கள் ‘எமக்கு மட்டும் ஊக்கம் பிறக்கவில்லையே’ என்று உள்ளுக்குள் நாணுகின்றனர். அந்நாணத்தினால் சிலர் தம் ஆற்றலுக்கு மிஞ்சிய விரதத்தை மேற்கொண்டு ஒரு வாரத்தில் முறிகின்றனர். வேறு சிலர் ஒன்றையும் தொடங்காமலே ஆண்டைக் கழிக்கின்றனர். இத்தகைய மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் உளர். அவர்கள் புதிய ஆண்டினுள் எங்ஙனம் புகுதல் நலம் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1. ஆண்டுத் தொடக்கம் யாது?

ஜனவரி முதல் நாள் இயற்கை வகுத்த எல்லையன்று. மக்கள் வகுத்த எல்லையே. உரோமாபுரியில் கான்சல்கள் என்னும் ஆட்சித் தலைவர்கள் கி. மு. 153 முதல் அந்நாளிற் பதவியேற்கலாயினர். இங்கிலாந்தில் 1751 வரையிற் சட்டப்படி ஆண்டு மார்ச்சு 25-இல் தொடங்கிற்று. 1752 முதற்கொண்டே ஜனவரி 1 அங்கு ஆண்டின் முதல் நாளாயிற்று. நம் நாட்டிலோ சித்திரை முதல் நாள் ஒரு தொடக்கம். அரசாங்கக் கணக்கிற்கு ஏப்பிரல் 1 ஒரு தொடக்கம். கோடை விடுமுறை கழிந்து கல்லூரி திறக்கும் நாள் மாணவர்க்கு மற்றொரு தொடக்கம்.

இதனின்று இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒன்று, ஜனவரி முதல் நாளைத் தவறவிட்டவன் ஆண்டையே தவறவிட்டவன் ஆகான். மற்றொன்று, மக்கள் வகுத்த எல்லையாயினும் அது பயனற்றதன்று. வாரம், மாதம், ஆண்டு ஆகியவற்றின் தொடக்கங்களையொட்டி மக்கள் உடற்பயிற்சிச் சாலைக்கு மிகுதியாகச் செல்கின்றனர் என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வொன்று காட்டுகிறது. பழைய கணக்கை மூடிப் புதிய ஏட்டைத் திறந்தோம் என்னும் எண்ணமே மனத்திற்கு ஒருவகை வலிமை தருகிறது. ஆதலின் தளர்ந்தவரும் இவ்வெல்லையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதற்கு அடிமையாதல் வேண்டா.

2. தீர்மானங்கள் ஏன் முறிகின்றன?

அமெரிக்க உளநூலறிஞர் ஜான் நார்கிராஸ் என்பார் புத்தாண்டுத் தீர்மானம் செய்துகொண்ட 200 பேரைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1980-களின் இறுதியில் அதன் முடிவை வெளியிட்டார். முதல் வாரம் கடக்கும் வரை தீர்மானத்தைக் காத்தவர் நூற்றுக்கு 77 பேர். இரண்டு ஆண்டுகள் கடந்த பின்னும் காத்தவர் நூற்றுக்கு 19 பேர். முறிவு பெரிதென்பது உண்மை. ஆயினும் ஐவரில் ஒருவர் அளவுக்கு நின்று வென்றனர் என்பதும் மறக்கற்பாலதன்று.

முறிவிற்குக் காரணம் என்னை? தீர்மானம் செய்பவன் விழா நாளின் மனக்கிளர்ச்சியைத் தன் முழு வலிமையாக எண்ணிவிடுகிறான். ஆனால் அதை நிறைவேற்றவேண்டிய நாளோ, மழைபெய்யும் ஒரு செவ்வாய்க்கிழமை; வகுப்புகள் மிகுந்து, தலைநோவும் சேர்ந்த நாள். ஒரு நாளின் கிளர்ச்சியை முந்நூற்றறுபத்தைந்து நாளின் முதலாகக் கணக்கிட்ட வாணிகன் நட்டமடைதல் வியப்பன்று.

திருவள்ளுவர் அரசர்க்குக் கூறும் பகுதியில், வலியறிதலை 48-ஆம் அதிகாரமாகவும் காலமறிதலை 49-ஆம் அதிகாரமாகவும் காண்கிறோம். தக்க காலம் வந்ததென்று எழுமுன் தன் வலிமையை அளந்தறிதல் வேண்டும் என்பது இவ்வமைப்பிலிருந்து யாம் கொள்ளும் படிப்பினை. மேலும் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்பன 60, 61, 62-ஆம் அதிகாரங்களாகத் தனித்தனி நிற்கின்றன. உள்ளக்கிளர்ச்சி வேறு, சோம்பலின்மை வேறு, கையால் முயலுதல் வேறு. முன்னது குறைந்த நாளிலும் பின்னது சிறிதளவேனும் இயலும். பின்னதைச் செய்யச் செய்ய முன்னது தானே வளர்வதும் உண்டு.

3. உழவர் காட்டும் வழி

நம் உழவரிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. சித்திரை பிறந்ததும் நல்ல நாள் பார்த்து, மாடுகளைக் குளிப்பாட்டிப் பொட்டிட்டு, ஊரார் கூடி ஏர் பூட்டுவர். இதனைப் பொன்னேர் என்றும் நல்லேர் என்றும் வழங்குவர். அன்று அவர்கள் நிலம் முழுவதையும் உழுவதில்லை. சில சால் ஓட்டி, ஏரை அவிழ்த்து, வீடு திரும்புவர். வெயிலோ கடுமை, மண்ணோ இறுகிக் கிடக்கும், மழை இன்னும் வரவேண்டும். ஆயினும் ஆண்டின் வேலை தொடங்கிவிட்டது. கொழு மண்ணைத் தொட்டுவிட்டது. மாடு நுகத்தடியை நினைவு கூர்ந்துவிட்டது. அந்தச் சில சால்கள் விளைச்சலைத் தாரா. உழவனை மீண்டும் உழவனாக்குகின்றன.

நெற்பயிரின் வளர்ச்சியும் இதனையே கற்பிக்கின்றது. ஓர் ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் அளவுள்ள நாற்றங்கால் போதும். நூறு சென்ட் நிலத்தை ஆளப்போகும் பயிர் முதலில் எட்டு சென்ட்டில் அடங்கி வளர்கிறது. அங்கு நீரும் காவலும் எளிது. பின்னர் நாற்றைப் பறித்து வயலில் நட்டவுடன் அது சில நாள் வெளிறிச் சோர்ந்து நிற்கும். அறியாதவன் அதைக் கண்டு ‘பயிர் போயிற்று’ என்பான். உழவனோ அதைப் பிடுங்கி எறியான். நீரை அளவாக நிறுத்திக் காத்திருப்பான். வேர் பிடித்ததும் பயிர் பச்சை கட்டும். புதிய பழக்கத்தின் முதல் வாரங்களிற் காணும் சோர்வும் இத்தன்மையதே. அது வேர் பிடிக்கும் காலத்தின் வெளிறல்; அழிவின் அறிகுறியன்று.

4. ஓர் எழுத்தாளரின் காலைப்பொழுது

ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிராலப் (1815–1882) பல்லாண்டுகள் அஞ்சல் இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதியவர். அவர் இயற்றிய நாவல்கள் 47. அவர் இறந்தபின் 1883-இல் வெளிவந்த சுயசரிதையில் தம் முறையை விளக்கியுள்ளார். காலை 5½ மணிக்கு மேசைமுன் அமர்வார். முதல் அரைமணியில் முந்தின நாள் எழுதியதைப் படித்துப் பார்ப்பார். அதன்பின்னரே, கடிகாரத்தை முன்வைத்துக் கால்மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார்.

கால்மணிக்கு 250 சொற்கள் என்பதைப் பலர் வியப்பர். யாம் வியப்பது அந்த முதல் அரைமணியை. பழக்கமான பக்கங்களைப் படித்தல் எளிய செயல். அது உறங்கிய மனத்தைத் தட்டி எழுப்பாமல் மெல்லத் தடவி எழுப்புகிறது. மேலும் காலையில் தம்மை எழுப்புதற்கென்றே ஒரு பழைய குதிரைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுன் மிகுதியாகக் கொடுத்துவந்தார் என்றும், தம் வெற்றியில் அம்மனிதருக்குப் பெரும்பங்கு உண்டென்றும் அவர் எழுதுகிறார். மனவுறுதிக்குப் பெயர்போன ஒருவரே தம் மனவுறுதியை மட்டும் நம்பவில்லை. நாம் ஓர் அறைத்தோழனிடம் ‘நாளைக் காலை என்னை எழுப்பு’ என்று கேட்பதில் இழிவு யாதுளது?

5. மாணவர் கைக்கொள்ளத்தக்க முறைகள்

முதலாவது, ஒன்றையே தெரிந்துகொள்ளுக. பெஞ்சமின் பிராங்க்ளின் பதின்மூன்று நற்குணங்களைப் பயில விரும்பி, வாரத்திற்கு ஒன்றாகவே மேற்கொண்டார். 13 வாரங்களில் ஒரு சுற்று முடியும். ஆண்டிற்கு நான்கு சுற்று. அவரே ஒரு நேரத்தில் ஒன்றுக்குமேற் பற்றவில்லையாயின், தளர்ந்திருக்கும் நாம் பத்தினைப் பற்றுதல் தகுமோ?

இரண்டாவது, மிகத் தளர்ந்த நாளிலும் செய்யத்தக்க அளவையே குறிக்க. நாளொன்றுக்கு நான்கு மணி படிப்பேன் என்பதைவிட, ஒரு பக்கம் படித்து அதன் சாரத்தை மூன்று வரியில் எழுதுவேன் என்பது நன்று. ஊக்கமுள்ள நாளில் மிகுதியாகச் செய்யத் தடையில்லை.

மூன்றாவது, காலமும் இடமும் குறிக்க. ஜெர்மனியில் பீட்டர் கோல்விட்சர் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் செய்த சோதனையொன்று 1997-இல் வெளிவந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதியனுப்புமாறு மாணவர்களைக் கேட்டனர். எப்பொழுது, எங்கு எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்தவரில் பதின்மருக்கு எழுவர் அளவில் உரிய காலத்தில் முடித்தனர். குறியாதவரில் மூவருக்கு ஒருவரே முடித்தனர். ஆதலின் ‘இனி நன்றாகப் படிப்பேன்’ என்னாது, ‘இரவு உணவு முடிந்ததும், வாசகசாலையின் சன்னலோர மேசையில் அமர்வேன்’ என்று குறிக்க.

நான்காவது, ஒரு நாள் தவறினால் கணக்கை மூடிவிடாதிருக்க. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக்கொண்டு நடத்திய ஆராய்ச்சியில், ஒரு செயல் பழக்கமாதற்கு நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒருமுறை தவறியது பழக்கத்தைக் குலைக்கவில்லை. ஒரு நாள் தவறுதலால் கேடில்லை. ‘தவறிவிட்டோம், இனி என்ன’ என்று விட்டுவிடுதலே கேடு.

6. ஒரு தடையும் அதற்கு விடையும்

‘இஃது சோம்பலுக்குக் கூறும் நயவுரையன்றோ?’ எனச் சிலர் வினவலாம். அன்று. சோம்பல் நாளையைக் காட்டி இன்றை ஒழிக்கும். மெல்லத் தொடங்குதலோ இன்றைக்குரிய சிறு பங்கை இன்றே செய்விக்கும். இரண்டையும் பிரித்தறிய, மாலையில் ‘இன்று செய்தது யாது?’ என்னும் ஒரு வினா போதும். தேர்வு அண்மையில் இருப்பின் சிறு பங்கை விரைவிற் பெருக்கவேண்டியதுதான். ஆயினும் அப்பொழுதும் முதற் பக்கம் ஒரு பக்கமே.

இன்னொன்றும் கூறுதல் கடமை. ஊக்கக் குறைவெல்லாம் ஒருதன்மையதன்று. உறக்கமும் பசியும் கெட்டு, முன்பு இனித்தவை யாவும் கசந்து, அந்நிலை இரண்டு வாரத்துக்குமேல் நீடிப்பின், அது அறவுரையால் தீர்வதன்று. அத்தகையோர் தயங்காது மருத்துவரை நாடுக. பெற்றோரிடத்தோ நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடத்தோ கூறுக. கால் முறிந்தவனை ஓடச்சொல்லுதல் அறமாகாது. அருகிலிருக்கும் தோழரும் அவரைச் சோம்பர் என்று பழியாது துணைசெய்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! ஆண்டு முழுவதையும் முதல் நாளிலே வென்றுவிட வேண்டுவதில்லை. உள்ளம் மலரும் வரை காத்திருக்கவும் வேண்டுவதில்லை. ஒரு நூலைத் தெரிந்து, ஓர் இடத்தைக் குறித்து, ஒரு பக்கத்தைத் திறப்பீராக. அன்றைக்கு அத்துணையே போதும். மறுநாளும் அப்பக்கத்திற்கு அடுத்ததைத் திறப்பீராயின், புத்தாண்டு உமக்கு மெய்யாகவே பிறந்ததாகும்.