ஆவணம் காக்கும் பணி

நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டிலேயே, அரசாங்கப் பதிவேடுகளைக் காக்கத் தனி அலுவலகம் தொடங்கப்பட்டது. அதுவே இன்று கோலாலம்பூரில் இயங்கும் மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதன் தலைமை இயக்குநரின் ஒப்புதலின்றி அரசாங்கப் பதிவேடு எதையும் அழிக்கக் கூடாது.

இத்துறையில் பல பணிகள் உள்ளன. ஆவணக் காப்பாளர், காக்க வேண்டியவற்றைத் தேர்ந்து வகைப்படுத்தி அட்டவணையிடுகிறார். பாதுகாப்பு வல்லுநர், கிழிந்த தாள்களைச் சீர்செய்கிறார். ஆயிரக்கணக்கான பக்கங்களைக் கணினியில் ஏற்றும்போது, காலம், செலவு, ஆள்பலம் ஆகியவற்றைத் திட்ட மேலாளர் வகுக்கிறார். வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும்கூடப் பதிவேட்டு நிர்வாகிகள் தேவை.

தமிழறிந்தோருக்கு இங்கே தனிக் கடமை உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்த தோட்டங்கள் பல, இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கு வாழ்ந்தோரின் வரலாறு கோயில் கணக்கேடுகளிலும் சங்கக் கூட்டக் குறிப்புகளிலும் குடும்பப் படங்களிலும் எஞ்சியுள்ளது. இவை அரசாங்கப் பதிவேடுகள் அல்ல. கறையானுக்கு இரையானாலும் கேட்பாரில்லை. தமிழ் படிக்கத் தெரியாதவர், பெட்டியின்மேல் ‘தமிழ்த் தாள்கள்’ என்று மட்டுமே எழுதி வைப்பார். தமிழறிந்தவரோ உள்ளிருக்கும் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை அட்டவணையிட்டு, தேடுவோருக்கு வழிகாட்டுவார்.

வரலாறு அல்லது தகவல் மேலாண்மை பயின்று, மலாய், ஆங்கிலம், தமிழ் ஆகிய மும்மொழிகளிலும் தேர்ந்தவர் இப்பணிக்கு ஏற்றவர். பயிற்சியை வீட்டிலேயே தொடங்கலாம். தாத்தா பாட்டியிடம் கேட்டு, பழைய படங்களில் இருப்போரின் பெயர்களைக் குறித்து வையுங்கள். சொல்ல அவர்கள் இருக்கும்போதே கேட்பது நன்று.