பயம் யார் வீட்டுச் சரக்கு?

புளியங்குடி

அன்புள்ள தம்பிக்கு,

ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1960) நாவலைப் பற்றி, “விவரம் தெரியாத வயசு, அதனால் பூ ராட்லியைக் கண்டு பிள்ளைகள் பயந்தார்கள், விவரம் வந்ததும் பயம் போயிற்று” என்று எழுதியிருக்கிறாய். நோட்ஸ் போடுகிறவர்கள் அத்தனை பேரும் இதைத்தான் எழுதுகிறார்கள். நீயுமா?

அண்ணன் ஜெம்முக்கும் தங்கை ஸ்கவுட்டுக்கும், வீட்டை விட்டு வெளியே வராத ராட்லியைப் பற்றிய அந்தப் பயம் சொந்தச் சரக்கு அல்ல, பெரியவர்களிடம் வாங்கியது. ராட்லி கத்தரிக்கோலால் தன் தகப்பன் காலில் குத்தினான் என்ற கதையை ஜெம்முக்குச் சொன்னவள் பக்கத்து வீட்டு ஸ்டெபனி. பனியில் பூச்செடி கருகினால்கூட அவன் மூச்சுப் பட்டதாக ஊர் பேசுகிறது. ஊரில் கோழிகளும் வளர்ப்புப் பிராணிகளும் குதறப்பட்டுக் கிடந்த சங்கதியை நீ கவனிக்காமல் தாண்டிவிட்டாய். செய்தவன் வேறொருவன் என்று தெரிந்த பிறகும் ஊர்க் கண் ராட்லி வீட்டை விட்டு நகரவில்லை. லீ இரண்டொரு வரியில் சொல்லிவிட்டுப் போகிற இந்த இடத்தில் நாவல் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் கட்சி. பின்னால், வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்ததாகப் பொய்க்குற்றம் சாட்டப்பட்ட கறுப்பன் டாம் ராபின்சன் வழக்கில் தீர்ப்புச் சொன்னதும் இதே புத்திதான். அந்தப் பெண்மேல் விழுந்தது இடது கை அடி; டாமின் இடது கையோ விளங்காத கை என்று கண்ணெதிரே காட்டியும் பயன் இல்லை.

ராட்லி பச்சை அணில் தின்பான், ஆறரை அடி உயரம் என்றெல்லாம் ஜெம்தானே சொன்னான் என்பாய். சொன்னான். சொன்ன வாயோடு ஓடிப்போய் அந்த வீட்டுச் சுவரைத் தொட்டுவிட்டு வந்தான். பிறகு தூண்டில் கம்பு நுனியில் கடிதம் வைத்து ஜன்னலுக்குள் போடப் பார்த்தான். பிள்ளைகளின் பயத்துக்குள் ராட்லியைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. பெரியவர்களுக்கு அந்த ஆசை கிடையாது, கதையே போதும். தாகூரின் ‘காபூலிவாலா’விலும் இதே கணக்குதான். காபூல்காரன் பைக்குள் பிள்ளைகளை அடைத்து வைத்திருக்கிறான் என்று பயந்த சிறுமி மினி சீக்கிரமே அவனோடு சிரித்துப் பேசுகிறாள். அவளுடைய அம்மாவுக்குத்தான் பயம் தெளியவில்லை.

நம் தெருக்களில் பிள்ளை பிடிக்கிறவனைப் பற்றிச் சொல்வது யார்? சோறு ஊட்டுகிற பெரியவர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், கோயிலுக்கு வந்த இடத்தில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்த 65 வயது அம்மாளை, வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பி அடித்தே கொன்றார்கள். கை ஓங்கியவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தான், தம்பி.

பிள்ளைகளுக்கு எச்சரிக்கை வேண்டாமா என்று கேட்பாய். வேண்டும். ஆனால் நாவலில் பிள்ளைகள்மீது கத்தியோடு பாய்ந்தவன் பாப் யூவல். குடிகாரன், டாமுக்காக வாதாடிய பிள்ளைகளின் தகப்பனார் ஏட்டிகஸ் முகத்தில் துப்பியவன், ஊருக்கே தெரிந்தவன். அவனை ஏட்டிகஸே அசட்டை செய்துவிட்டார். பெரியவர்களின் எச்சரிக்கையெல்லாம் தப்பான வீட்டு வாசலில் காவல் நின்றிருக்கிறது.

நோட்ஸை மூடி வை. முதல் அத்தியாயத்தை மறுபடி படித்து, ராட்லியைப் பற்றிய ஒவ்வொரு பேச்சுக்கும் நேரே அதைச் சொன்னது யார் என்று ஓரத்தில் குறித்து அனுப்பு.