மரவள்ளி இலையும் மெய்நிகர் ஹேக்கத்தானும்

ஹேக்கத்தான் என்றால் கணினி படித்தவர்கள் இரவு பகலாக உட்கார்ந்து செயலி உருவாக்கும் போட்டி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உகாண்டாவின் மரவள்ளித் தோட்டங்களிலிருந்து பிறந்த ஓர் இணையப் போட்டியை ஒன்பதாம் வகுப்பில் எடுத்துப் பேசிய பிறகு அந்த எண்ணம் மாறியது.

கிழக்கு ஆப்பிரிக்கச் சிறு விவசாயிகளுக்கு மரவள்ளி, மழை பொய்த்தாலும் கைவிடாத உணவு. தேமல் நோயும் பழுப்புக் கோட்டு நோயும் அதைக் கெடுக்கின்றன. இரண்டையும் வெள்ளை ஈ பரப்புகிறது. நோயுள்ள குச்சியை நட்டாலும் வரும். உகாண்டா விவசாயிகள் தம் தோட்டத்து இலைகளைப் படமெடுத்தனர். அந்நாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவன வல்லுநர்களும் மகெரேரே பல்கலைக்கழகத்தினரும் ஒவ்வொரு படத்துக்கும் நோயின் பெயரைக் குறித்தனர். இப்படிச் சேர்ந்த 21,000-க்கும் மேற்பட்ட படங்கள் 2020 நவம்பரில் காகிள் தளத்தில் போட்டியாக வைக்கப்பட்டன. நான்கு நோய்கள், நலமான இலை என ஐந்து வகை. படத்தைப் பார்த்து வகை சொல்லும் நிரலை எழுத வேண்டும். வழக்கமான ஹேக்கத்தான் ஓரிரு நாளில் முடிந்துவிடும்; இது மூன்று மாதம் நடந்தது. பல நாட்டினர் வீட்டிலிருந்தே கலந்துகொண்டனர்.

அந்தப் படங்களில் பாதிக்கும் மேல் தேமல் நோய்தான். இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "எல்லாப் படத்துக்கும் 'தேமல்' என்றே ஒரு நிரல் சொன்னால் எவ்வளவு மதிப்பெண் வரும்?" என்று கேட்டேன்.

"பாஸ் ஆயிடும் சார்" என்றான் பின்வரிசை மாணவன்.

"நல்ல செடியையும் பிடுங்கச் சொல்லுமே சார்!" என்றாள் ஒரு மாணவி. அவள் வீட்டில் மரவள்ளி போட்டிருக்கிறார்கள். சதவீதத்தை இத்தனை ஆண்டுகள் லாப நட்டக் கணக்கிலேயே நடத்தி முடித்துவிட்டேனே என்று தோன்றியது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழுப்புக் கோட்டு நோய் வந்த செடியின் இலை சில நேரம் நன்றாகவே தெரியும். தோண்டிப் பார்த்தால்தான் கிழங்கு உள்ளே அழுகியிருப்பது தெரியவரும். இலைப் படம் மட்டும் போதாது என்பதை மாணவர்கள் இங்கே தாமாகவே கண்டுகொண்டனர். இணையம் இல்லாத வயலிலும் இயங்கி, சுவாகிலியிலும் பேசும் 'நூரு' செயலியைப் பற்றியும் சொன்னேன்.

பிறகு எங்கள் வகுப்பு ஹேக்கத்தான். முதல் முறை நான் செய்தது தவறு. "ஒரு செயலி யோசியுங்கள்" என்றேன். ஆறு குழுவும் சார்ட்டில் கைப்பேசி வரைந்து கொண்டுவந்தன. எந்தக் குழுவும் ஒரு விவசாயியிடம்கூடப் பேசவில்லை. அடுத்த வாரம் விதியை மாற்றினேன்: முதலில் வயலில் ஒருவரிடம் கேட்க வேண்டும், பிறகுதான் சார்ட். கணினி ஆய்வகத்தில் அன்று இணையம் இல்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று.

ஒரு மாணவன் தன் அம்மாயி கேட்டதை அப்படியே எழுதிவந்தான்: "நோயினு இலையப் பாத்தாலே எனக்குத் தெரியும். நல்ல குச்சி யாருகிட்ட கிடைக்கும்னு சொல்லுமா உன் போனு?"

அந்தக் குழு கைப்பேசிப் படத்தைக் கிழித்துப் போட்டது. ஊரில் யார் வயலில் நோயில்லாத குச்சி இருக்கிறது என்று இப்போது வீடு வீடாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறார்கள்.