கோவலனும் கண்ணகியும்: இயல்புப் பொருத்தம் பற்றிய ஒரு பாடம்

திருமணப் பேச்சு எழுந்தால் நம் இல்லங்களில் பத்துப் பொருத்தம் பார்க்கின்றோம். இயல்புப் பொருத்தத்தைக் கேட்பார் அரியர். அதனை ஆராய, இளங்கோவடிகள் அருளிய சிலப்பதிகாரத்தினும் சிறந்த பாடத்தை யான் கண்டிலேன். கண்ணகி ஏறிய நெடுவேள் குன்றம் நம் திருச்செங்கோட்டு மலையே என்னும் பழைய உரைவழக்கும் உண்டு. (மேற்குமலையைச் சுட்டுவாரும் உளர்.)

மணநாளில் கண்ணகிக்கு அகவை 12, கோவலனுக்கு 16. அவன் இசையிலும் கூத்திலும் தோய்ந்தவன். நினைத்ததை அப்பொழுதே செய்பவன். அவளோ எதனையும் உள்ளத்தே அடக்குபவள். மனையறம்படுத்த காதையில் அவன் அவளைப் புகழ்ந்துகொண்டே இருக்கின்றான். அவள் மறுமொழி ஒன்றேனும் அங்கில்லை.

இயல்பு ஒத்தவர் இணைந்தால் இன்னல் இல்லை என்பார்க்கு மாதவியே விடை. கலையால் அவளும் கோவலனும் ஒத்தவர். எனினும் கடற்கரையில் அவன் பாட்டில் அவள் ஐயுற்று, தானும் வேறு குறிப்புடையாள் போலப் பாட, அவ்வொரு பொழுதில் உறவு முறிந்தது.

செல்வம் தொலைத்து நாணி வந்த கணவனுக்குக் கண்ணகி தன் சிலம்பை அளித்தாள். "அவள் ஏன் அம்மா ஒன்றும் கேட்கவில்லை?" என்று ஆசிரியப் பயிற்சி மாணவி ஒருத்தி என்னை வினவினாள். அடக்கத்தின் பெருமையை விரித்துரைத்து அவளை அமர்த்திவிட்டேன். அவ்விடை தவறு. கொலைக்களக் காதையை அந்நாளில் யான் விரைந்து கடந்துவிட்டேன்.

மதுரையில் மாதரி தந்த மனையில், சாவக நோன்பிக்கு ஏற்ற உணவைக் கண்ணகி தன் கையால் சமைத்துப் படைக்கின்றாள். உண்டபின் கோவலன் தன் பிழைகளைத் தானே எண்ணி வருந்துகின்றான். அழைத்தவுடன் அவள் உடன் வந்ததை வியக்கின்றான். அப்போதுதான் அவள் வாய் திறக்கின்றாள். அறவோர்க்கு ஈதல், துறவோரை எதிர்கொள்ளல், விருந்தோம்பல் ஆகியவற்றை அவனின்றி இழந்ததைக் கூறுகின்றாள். மாமனும் மாமியும் வந்தபோது தான் பொய்யாக முறுவலித்ததையும், அது கண்டே அவர்கள் உள்ளம் நொந்ததையும் கூறுகின்றாள். (இவ்விடத்தைப் படிக்குந்தோறும் அம்மாணவியின் முகம் என் நினைவில் எழும்.) அவன் ஒழுக்கம் போற்றத்தக்கதன்று என்பதையும் அவள் மறைத்திலள்.

அவன் சினக்கவில்லை, மறுக்கவுமில்லை. ஓயாது பேசியவன் கேட்டான், பேசாதிருந்தவள் பேசினாள். பல்லாண்டு வாய்க்காத பொருத்தம் அன்று வாய்த்தது.

பின்னர் அவளைத் தேற்றிவிட்டு, ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு அவன் கடைவீதிக்குப் புறப்பட்டான்.